வேஷம் போட்ட ஊர்

அமெரிக்கா தேசத்தின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அந்த நாட்டின் தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. இரண்டுக்கும் இடையே ஒரு கண்டத்தின் அகலம் கிடக்கிறது. இம்மாகாணத்தை வடக்குத் தெற்காக இரு கூறாக்கிக்கொண்டு காஸ்கேட் என்னும் மலைத் தொடர் செல்கிறது. மலைக்கு மேற்கே ஓயாத தூறலும் பாசி படர்ந்த பெருமரங்களும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் பளிச்சென்ற வெயிலும் காய்ந்த புல்லும் பேரிக்காய்த் தோட்டங்களும். ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் வந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கிழக்குச் சரிவில், வெனாச்சி என்னும் நதி மலையிடுக்கை விட்டு வெளியே வரும் இடத்தில், லெவன்வொர்த் என்ற சிற்றூர் அமைந்திருக்கிறது. 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 2,400 பேர். நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் இந்த ஊரைப் பார்ப்பதற்கு வருஷந்தோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வருகிறார்கள். அங்கே புராதனமான கோயில் இல்லை. பெரிய யுத்தம் நடந்த மைதானம் இல்லை. பின்னே எதைப் பார்க்க வருகிறார்கள் என்றால், அந்த ஊர் போட்டுக்கொண்டிருக்கும் வேஷத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியா நாட்டு மலைக்கிராமத்தைப் போல ஊர் முழுவதும் வேஷம் தரித்து நிற்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் என் தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஸியாட்டில் நகரில் வசிக்கும் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். போய்ப் பத்து நாள் ஆவதற்குள் அந்த வீட்டில் ஒரு மனஸ்தாபம் மூண்டுவிட்டது. தங்கையின் ஒரே மகள், பதினான்கு வயதுப் பெண், ஆறு வருஷ காலமாகச் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்த தமிழ் வகுப்புக்கு இனிமேல் போவதில்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். தங்கை ஒருபுறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையோ, "பரதநாட்டியம் ஆடுகிறாள், பொங்கலுக்குப் பட்டுப் பாவாடை கட்டுகிறாள், அது போதாதா?" என்று சமாதானம் பேசினார். என் தாயார் ஒன்றும் விளங்காமல் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் விவாதம் முழுவதும் இங்கிலீஷில் நடந்தது. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே நடக்கும் சம்பாஷணை "சாப்பிட்டியா ஆச்சி?", "சாப்பிட்டேன் கண்ணு" என்பதற்கு அப்பால் அதிக தூரம் போவதில்லை.

இந்த மேகமூட்டத்தைக் கலைப்பதற்காகவோ என்னவோ, "இரண்டு நாள் லீவு வருகிறது, ஜெர்மனிக்குப் போய்விட்டு வரலாம்" என்றார் மாப்பிள்ளை.

"பாஸ்போர்ட்டை எடுத்து வச்சுக்கணுமா?" என்று என் தாயார் கவலையோடு கேட்டார்கள்.

ஸியாட்டிலிலிருந்து லெவன்வொர்த்துக்குச் சுமார் 190 கிலோமீட்டர். வழியில் ஸ்டீவன்ஸ் கணவாய் என்று ஒரு மலைக் கணவாய். கடல் மட்டத்துக்கு மேல் 4,061 அடி உயரம். மே மாதக் கடைசியிலும் சாலையோரத்து நிழலில் அழுக்கேறிய பனி குவிந்து கிடந்தது. இந்த வழியாக ரயில் பாதை வகுத்த ஜான் ஸ்டீவன்ஸ் என்ற எஞ்சினீயர்தான் பிற்பாடு பனாமாக் கால்வாய் வேலைக்குத் தலைமை எஞ்சினீயராகச் சில காலம் இருந்தவர். பாதை வகுத்தாரே ஒழிய, பனியை அவரால் வகுக்க முடியவில்லை. 1910-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ம் தேதி அதிகாலை இருட்டில், வெலிங்டன் என்னும் மலை ஸ்டேஷனில் பனிப்புயலில் அகப்பட்டுப் பல நாளாக நகர முடியாமல் நின்ற இரண்டு ரயில் வண்டிகளை, மேலேயிருந்து சரிந்த பனிப்பாறை அப்படியே பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டது. இறந்தவர்கள் 96 பேர். அதற்குப் பிறகு 1929-ல் சுமார் எட்டு மைல் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து ரயிலை மலைக்கடியில் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வரும்போது, தங்கை மகள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்காரர்களைப் பார்த்துப் பழகியவனாதலால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெட்ரோல் கடை. அதன் பெயர்ப் பலகையில் கொம்பும் வாலும் முளைத்த பழைய ஜெர்மன் அச்செழுத்து. அடுத்தாற்போல் பாங்கி, அதிலும் அந்த எழுத்துத்தான். உலகமெங்கும் ஒரே முகத்துடன் விளங்கும் மக்டொனால்ட்ஸ் சிற்றுண்டிச்சாலைகூட இந்த ஊர் எல்லைக்குள் பணிவாகத் தன் முகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஊரின் கடைவீதிக் கட்டடங்கள் பவேரிய மலைநாட்டுப் பாணியில்தான் இருக்கவேண்டும் என்பது நகரசபைச் சட்டம். சரிந்த கூரைகள், மரத்தில் செதுக்கிய மாடத் தாழ்வாரங்கள், தாழ்வாரமெல்லாம் பூத்தொட்டிகள், சுவர்களில் ஆடு மேய்ப்பவர்களும் வேட்டைக்காரர்களுமாகச் சித்திரங்கள். பின்னணியில் பனி முடி தரித்த நிஜமான மலைகள். இந்த மலைகள் மட்டும் வேஷம் போடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவற்றின் தயவால்தான் மற்ற வேஷம் எடுபடுகிறது.

வீதி மூலையில் ஒருவர் அக்கார்டியன் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இறகு செருகிய பச்சைத் தொப்பி ஒன்றை வாங்கித் தரித்துக்கொண்டார். அது அவருக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதைப் பற்றி என் மனைவி சொன்ன அபிப்பிராயத்தை இங்கே எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

"இங்க இருக்கிறவங்க எல்லாரும் ஜெர்மன்காரங்களா?" என்று என் தாயார் கேட்டார்கள்.

ஒரு மிட்டாய்க் கடையில், கச்சணிந்து முன்றானைத் துணி கட்டிய பவேரிய உடையில் நின்ற பெண்ணிடம் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்கச் சொன்னோம். தங்கை மகள் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். அவளுடைய பெற்றோர் மெக்ஸிகோவிலிருந்து பேரிக்காய்த் தோட்ட வேலைக்கு வந்தவர்களாம். வீட்டில் ஸ்பானிஷ்தான் பேசுவார்களாம். ஜெர்மன் பாஷையில் தனக்கு இரண்டே வார்த்தைகள் தெரியும், ஒன்று வரும்போது சொல்வது, மற்றொன்று போகும்போது சொல்வது என்றாள்.

லெவன்வொர்த் ஜெர்மானியர்கள் குடியேறி உண்டாக்கிய ஊரே அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1890-களில் கிரேட் நார்தர்ன் ரயில்வே அந்த வழியாக வந்தபோது முளைத்த ஊர் அது. ரயில்வே பட்டறையும் பெரிய மர அறுவை ஆலையும் இருந்த காலத்தில் ஊர் செழித்தது. 1920-களில் ரயில்வேயின் பிராந்திய நிலையம் கீழேயுள்ள வெனாச்சி நகரத்துக்கு மாறியது. பிறகு ரயில் பாதையே ஊரை விட்டு விலகிப் போயிற்று. மர ஆலையும் மூடப்பட்டது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊர் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கடைவீதியில் பூட்டிய கதவுகள் பெருகின. வாலிபர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது நேயர்கள் தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் ஊரை நினைத்துக்கொண்டால் அது என் குற்றமல்ல.

1962-ல் ஊரார் கூடி, வாஷிங்டன் சர்வகலாசாலையின் உதவியோடு, ஊரைப் பிழைக்க வைப்பதற்கு என்ன செய்யலாம் என்று கமிட்டிகள் அமைத்து யோசித்தார்கள். மாதர் சங்கத்தார் இதில் முன்னின்றார்கள். மலைமேல் சாலையோரத்தில் போஜனசாலை நடத்திவந்த டெட் பிரைஸ், பாப் ராட்ஜர்ஸ் என்ற இரு நண்பர்கள், கலிபோர்னியாவிலுள்ள ஸோல்வாங் என்ற ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஊர் முழுவதையும் பவேரியக் கிராமமாக்குவோம் என்று வற்புறுத்தினார்கள். 1965-ல் பழைய ஹோட்டல் ஒன்று புதுக்கோலம் பெற்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஜெர்மனியில் பிறந்த ஹைன்ஸ் உல்பிரிக்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைபடங்கள் எழுதிக் கொடுத்தார். சர்க்கார் மானியத்துக்குக் காத்திராமல், அவரவர் கையிருப்பையும் பாங்கிக் கடனையும் கொண்டு வேலையை நடத்தினார்கள். ஊரில் பரிகசித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பூட்டிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அவர்கள் மாதிரியாகக் கொண்ட ஸோல்வாங்கின் கதையும் வேடிக்கையானது. 1911-ல் அசல் டேனிஷ்காரர்கள் ஸ்தாபித்த ஊர் அது. அவர்கள் டேனிஷ் பாஷை பேசிக்கொண்டு, மற்ற கலிபோர்னியர்களைப் போல் சாதாரண வீடுகளில்தான் வசித்துவந்தார்கள். 1947-ல் ஒரு பெரிய பத்திரிகை அவ்வூரைப் பற்றி எழுதியது. வேடிக்கை பார்க்க ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் ஏமாற்றமடையக் கூடாதே என்று, காற்றாலைகளும் டேனிஷ் கூரைகளும் அதற்குப் பிறகுதான் மளமளவென்று எழும்பின. அசல் மனிதர்களே, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக அசலாக வேஷம் போடவேண்டியிருக்கிறது.

இந்தத் தோல் நிஜாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை தொங்குகிறது. முழங்காலுக்கு மேல் நிற்கும் ஆட்டுத்தோல் நிஜார். பவேரியா என்றவுடன் உலகத்தார் மனத்தில் வந்து நிற்பது இதுதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவேரிய மலைவாசிகள் இதைக் கைவிட்டு, பட்டணத்து நீளக் கால்சராய்க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1883-ல் பைரிஷ்செல் என்னும் மலைக்கிராமத்தில் யோசப் ஃபோகல் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் தம் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நாட்டு உடையைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்தைப் பார்த்து ஊருக்கு ஊர் சங்கங்கள் தோன்றின. அந்த ஆசிரியருக்கு நான் மானசீகமாக ஒரு வணக்கம் செலுத்தினேன். உடுப்பைக் காப்பாற்றவேண்டும் என்று ஒருவர் வேலைமெனக்கெட்டுச் சங்கம் வைக்காவிட்டால், லெவன்வொர்த் கடைக்காரர்களுக்கு இன்று விற்பதற்கு என்ன இருக்கும்? ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1869-ல், பவேரிய மன்னன் லூட்விக் தன் பழங்காலக் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். புராதனமாகத் தோன்றும் அந்தக் கோட்டைக்குள்ளே குழாய்த் தண்ணீரும் வெந்காற்றுக் கணப்பும் உண்டு. இப்படியே அசலைத் தேடிக்கொண்டு பின்னால் போனால் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. ஆகையால் சாப்பிடப் போனோம்.

நாங்கள் சைவ போஜனக்காரர்கள். ஜெர்மானியச் சாப்பாட்டில் எங்களுக்கு மிஞ்சினது இரண்டு: பிரெட்ஸல் ஒன்று, புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஒன்று. பிரெட்ஸல் என்பது பார்வைக்குப் பெரிய கைமுறுக்குப் போல் இருக்கும், கடித்தால் ரொட்டி. என் தாயார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல முறுக்கு, நமுக்க விட்டுட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னார்கள். முட்டைக்கோஸுக்கு ஸவர்க்ரௌட் என்று பெயர். அதைத் தின்றபோது எனக்கு ஒரு சரித்திரம் ஞாபகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொன்னேன்.

அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்களில் ஜெர்மானியர்கள் மிகப் பெரிய கூட்டத்தார். அவர்களுக்கென்று நூற்றுக்கணக்கில் ஜெர்மன் பத்திரிகைகள் இருந்தன, பள்ளிக்கூடங்கள் இருந்தன, மாதா கோயில்களில் ஜெர்மன் பாஷையில் பிரசங்கம் நடந்தது. 1917-ல் அமெரிக்கா ஜெர்மனியுடன் யுத்தத்தில் இறங்கியதும் எல்லாம் தலைகீழாயிற்று. ஸவர்க்ரௌட் என்று சொல்லக்கூட நாக் கூசிப்போய், அதற்குச் "சுதந்திர முட்டைக்கோஸ்" என்று நாமகரணம் செய்தார்கள். 1918 மே மாதத்தில் அயோவா மாகாணத்துக் கவர்னர், பொது இடங்களிலும் ரயிலிலும் டெலிபோனிலும் இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை பேசக்கூடாது என்று பிரகடனம் செய்தார். நெப்ராஸ்கா மாகாணத்தில் 1919-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். எட்டாம் வகுப்புத் தேறாத எந்தக் குழந்தைக்கும் அந்நிய பாஷை கற்பிக்கக் கூடாது என்று. 1920-ல் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் பாஷையில் பைபிள் கதை படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குற்றத்துக்காக அவருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் விடாமல் வழக்காடினார். 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் அதற்குள் பல பத்திரிகைகள் நின்றுவிட்டன. பல பள்ளிக்கூடங்களிலிருந்து ஜெர்மன் பாடம் போய்விட்டது. எத்தனையோ வீடுகளில் தாய் தகப்பன்மார் குழந்தைகளிடம் ஜெர்மன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அசல் ஜெர்மானியர்கள் வாயை மூடிக்கொண்டு நாற்பது வருஷம் ஆன பிறகு, ஜெர்மன் தெரியாதவர்கள் ஜெர்மன் நிஜாரை மாட்டிக்கொண்டு கடை திறந்தார்கள். உடுப்பு வந்தது, சங்கீதம் வந்தது, சாப்பாடு வந்தது. பாஷை மட்டும் வரவில்லை.

நான் யாரைக் குறித்தும் இதைச் சொல்லவில்லை, சரித்திரமாகத்தான் சொன்னேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பெண் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, நான் ஒன்று சொல்லட்டுமா?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அந்த ஜெர்மன்காரர்கள் வாயை மூடுவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றும் இல்லையே? அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் தமிழ் பேசுகிறார்கள். என் பக்கம் திரும்பியவுடனே இங்கிலீஷ் பேசுகிறார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போய் நான் கற்றுக்கொண்டு வருவதை யாரிடம் பேசுவது? அந்த மிட்டாய்க்கடைப் பெண்ணை யாராவது ஸ்பானிஷ் வகுப்புக்கு அனுப்பினார்களா?"

ஒருவரும் பேசவில்லை. தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பச்சைத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குழந்தை என்ன சொல்லுதா?" என்று என் தாயார் கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

மாலையில், கொட்டைகளை உடைக்கும் மரப் பொம்மைகளுக்கென்றே 1995-ல் ஏற்படுத்திய காட்சிசாலைக்குப் போனோம். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. வேறு சமயமாயிருந்தால் அவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம்.

இரவு விடுதியின் மாடத் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே நதி இரைந்துகொண்டிருந்தது. "மச்சான், அவள் சொன்னது வாஸ்தவந்தான்" என்றார் வெகு நேரம் கழித்து. குழந்தைக்கு மூன்று வயதாயிருக்கும்போது, பாலர் பள்ளிக்கூடத்து ஆசிரியை, பெண் சரியாகப் பேசவில்லை, வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று சொன்னாளாம். "பயந்துவிட்டோம். மற்றக் குழந்தைகளுக்கு முன்னால் பின்தங்கிவிடுவாளோ என்று பயம். ஆறு மாதத்துக்குத்தான் என்று நினைத்தோம். பிறகு எங்களுக்கே அது பழகிப்போய்விட்டது. இப்போது அவளிடம் தமிழில் பேசினால் எனக்கே நாடகத்தில் பேசுவது போல் இருக்கிறது."

அவரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரிலேயே, கடல் கடக்காமல், எந்த ஆசிரியையும் சொல்லாமல், அதே காரியத்தைச் செய்கிற பெற்றோர்களை வருஷந்தோறும் பார்க்கிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டு, "டாடி, மம்மி" என்று குழந்தை கூப்பிடுவதை என்னிடமே பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நாற்பது வருஷம் கழித்து, வேஷ்டி கட்டி, வாழை இலை போட்டு, ஒரு தமிழ்க் கிராமத்தைக் காட்சிக்கு வைப்பது சிரமமாக இராது. அந்த மாதிரி ஹோட்டல்கள் நம்மிடையே இப்போதே இருக்கின்றன. லெவன்வொர்த் ஊரார் செய்ததை நான் குறைவாகச் சொல்லவே மாட்டேன். பட்டினி கிடக்க இருந்த ஊரைப் பட்டினியிலிருந்து மீட்டார்கள். தாங்கள் ஜெர்மானியர்கள் என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காப்பாற்றியது தங்கள் ஊரை, ஜெர்மனியை அல்ல. பட்டுப் பாவாடையைக் கொண்டு நாம் எதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்தத் தாழ்வாரத்தில் வெகு நேரம் யோசித்தேன். வகுப்பு விஷயம் அன்றைக்கும் தீரவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் தீரவில்லை.

மறுநாள் காலையில் ஊருக்குத் தெற்கே ஐஸிகிள் ஓடை என்னும் சிற்றாற்றங்கரைக்குப் போனோம். ஐஸிகிள் என்றால் இங்கிலீஷில் தொங்கும் பனிக்கட்டி. ஆனால் இந்தப் பெயர் இங்கிலீஷ்ப் பெயரே அல்ல. பூர்வகுடிகளின் சொல் ஒன்று வெள்ளைக்காரர் நாவில் திரிந்து இப்படி ஆயிற்று என்று சொல்லுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கு பிஸ்குவோஸா எனப்படும் வெனாச்சி ஜாதியாருடையது. ஓடை நதியோடு கலக்கும் இடத்தில் ஸாமன் மீன் பிடிக்க அவர்கள் தொன்றுதொட்டுக் கூடிவந்தார்கள். 1855-ம் ஆண்டு உடன்படிக்கையில், ஆறு மைல் சதுரமான பூமியை மீன்பிடிப்பதற்காக அவர்களுக்கு ஒதுக்குவதாக அமெரிக்க சர்க்கார் எழுதிக் கொடுத்தது. அந்தப் பூமி அவர்கள் கைக்கு வரவேயில்லை. 1894-ல், 20,000 டாலருக்கு, வேறொரு ஜாதியாரிடமிருந்து அந்த உரிமையைச் சர்க்கார் எழுதி வாங்கிக்கொண்டது. வெனாச்சியார் வடக்கே கால்வில் என்னும் ஒதுக்கு நிலத்துக்குச் சிதறினார்கள். 2010-ம் ஆண்டில், ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டு, இவ்விடத்தில் மீன்பிடிக்க அவர்களுக்கும் உரிமை உண்டு என்று உறுதி செய்தது. நடுவே கழிந்தது 155 வருஷம். கடைவீதிச் சுவர்களில் பவேரிய வேட்டைக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தேன். இவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஆற்றங்கரையில் பார்த்தேன். நீளக் கழியில் வலை கட்டி, பலகை மேடையில் நின்று, ஒரு முதியவரும் இரண்டு வாலிபர்களும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணக் கால்சராய், சாதாரணச் சட்டை. அவர்களைப் படம் பிடிக்க ஒருவரும் இல்லை.

பக்கத்தில் சர்க்காரின் மீன் வளர்ப்பு நிலையம் இருக்கிறது. கொலம்பியா நதியில் கிராண்ட் கூலி என்னும் பேரணையைக் கட்டியபோது மேல்நதிக்குச் செல்லும் மீன்களின் வழி அடியோடு அடைபட்டது. அதற்கு ஈடாக 1940-ஐ ஒட்டி இந்த நிலையத்தைக் கட்டினார்கள். முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஒன்றரை வருஷம் தொட்டிகளில் வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். அவை சுமார் 500 மைல் பிரயாணம் செய்து பசிபிக் சமுத்திரத்தை அடைகின்றன. சில வருஷம் கழித்து, பெரிய மீன்களாகி, அதே வழியில் எதிர்நீச்சலிட்டு, பிறந்த ஓடைக்கே திரும்பி வருகின்றன. நாங்கள் போனது அவை வருகிற பருவம்.

தொட்டிகளின் ஓரமாக ஒரு விளக்கப் பலகை. என் தாயார் அதன் முன்னால் நின்றார்கள். பேத்தி பக்கத்தில் நின்றாள். நான் உதவிக்குப் போக எழுந்தேன். தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது என்ன இடம் கண்ணு?"

பெண் பலகையைப் பார்த்தாள். வார்த்தை தேடினாள். "ஆச்சி, இது... மீன்... மீன் பள்ளிக்கூடம்" என்றாள்.

"அப்படியா! எத்தனை வகுப்பு வரைக்கும் இருக்கு?"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணரை வருஷம். அப்புறம் கடல் போகும். ரொம்ப தூரம். ஐநூறு மைல்."

"கடலுக்குப் போனா திரும்பி வருமா?"

"வரும். எல்லாம் வராது. கொஞ்சம் வரும். வழியிலே பெரிய..." மறுபடியும் வார்த்தை அகப்படவில்லை. ஒரு கையை ஆறு மாதிரி நீட்டி, மற்றொரு கையைக் குறுக்கே நிறுத்திக் காட்டினாள். "இப்படி, சுவர். தண்ணிக்குச் சுவர்."

"அணையா?"

"ஆமா, அணை. ஏழு அணை."

"ஏழு அணையா! அத்தனையும் தாண்டியா வருது?" என்று என் தாயார் மோவாயில் கை வைத்துக்கொண்டு தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள். அணைகளின் பக்கவாட்டில் மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு வைத்திருப்பதைப் பெண் விளக்க முயன்றாள். படிக்கட்டு என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பி ஒருமுறை ஹாரன் அடித்தார். அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் தாயாருக்குக் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது.